என் பெயரை அந்த மகஜரிலிருந்து நீக்குங்கள்

நம் வட்டார இந்திய அமைப்புகளின் கூட்டுக்குழுத் தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும்,

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் மூன்று நாள்களுக்கு முன்புதான் வாட்ஸ்அப் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. கொலை போன்ற பெரிய குற்ற வழக்குகளில் நீதிபதி தனியாக அமர்ந்து தீர்ப்பளிக்கும் முறையை நிறுத்த வேண்டும், பொதுமக்களில் ஏழு பேர் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும், 1995இல் ஒழிக்கப்பட்ட ஜூரி முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு மலேசிய நாடாளுமன்றத்துக்கு மகஜர் அனுப்பப் போவதாக அதில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு கருத்தைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இரண்டாம் பக்கத்தில், 'ஜூரியாக அமர்ந்த அனுபவமுள்ள நம் ஊர் ஆசிரியரும் இதை ஆதரிக்கிறார்' என்ற வரியையும் அதன் கீழே என் பெயரையும் பார்த்த பிறகு என்னால் பேசாமலிருக்க முடியவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

நான் ஜூரியாக அமர்ந்தது உண்மை. 1986ஆம் ஆண்டு, ஈப்போ உயர்நீதிமன்றத்தில், எனக்கு 29 வயதாக இருந்தபோது. அழைப்பாணையைப் பார்த்த தலைமையாசிரியர், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே விடுப்புப் பாரத்தில் கையெழுத்திட்டார். பெயர்ச்சீட்டு எடுத்துக் கூப்பிட்டதில் ஏழு பேரில் ஒருவனாக உட்கார்ந்தேன். மற்ற ஆறு பேரும் வங்கியிலும் அலுவலகங்களிலும் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரோ உரம் போடுகிறவரோ அந்த நாற்காலிகளுக்கு வர வழியே இல்லை. நீதிமன்றத்தில் பேசப்படும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அவர்களை வாசலில் நிறுத்திவிடும்.

சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களும் இன்னும் இந்த வட்டாரத்தில் இருப்பதால் தோட்டத்தின் பெயரையும் ஆள்களின் பெயரையும் தவிர்க்கிறேன். ஜூரி அறைக்குள் மற்ற ஆறு பேர் என்ன பேசினார்கள் என்பதையும் சொல்ல மாட்டேன். அதை வெளியே பேசக்கூடாது என்பதை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் காத்து வந்திருக்கிறேன், இந்த மடலுக்காக மீறப் போவதில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில், கள்ளுக்கடைக்கு அருகில், கடன் தகராறில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இன்னொருவரை வெட்டிவிட்டார். வெட்டியது யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. வெட்ட வேண்டும் என்றே வந்து வெட்டினாரா, வந்த இடத்தில் வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றி வெட்டினாரா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி. முதலாவது என்றால் கொலை. அந்தக் காலத்தில் கொலைக்குத் தூக்கு ஒன்றுதான் தண்டனை. இரண்டாவது என்றால் சிறை.

கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஓர் அம்மா. பால் வாளி சுமந்து சுமந்து ஒரு தோள் தாழ்ந்திருந்தது. சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரசுத் தரப்பு வழக்கறிஞரின் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "அருவாளத் தூக்கிட்டு வந்தாருங்க." மொழிபெயர்ப்பாளர் அதை, அரிவாளை ஓங்கியபடி வந்தார் என்று பொருள்படும் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். என் வரிசையில் இருந்தவர்களுக்கும் அதுவே சாட்சியம் ஆகிவிட்டது.

தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் மாலையில் அரிவாளைத் தூக்கிக்கொண்டுதான் புல்லுக்குப் போவார்கள். குடையைத் தூக்கிட்டு வந்தார், பிள்ளையைத் தூக்கிட்டு வந்தார் என்பது போலத்தான் அதுவும். அதே நேரத்தில், சண்டைக்கு வந்தவனைப் பற்றிப் பேசும்போதும் 'அருவாளத் தூக்கிட்டு வந்தான்' என்றுதான் சொல்கிறோம். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பொய் சொன்னார் என்று நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். சொல்லுக்கு இருந்த இரண்டு பொருளில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். "கையில எப்படிம்மா வச்சிருந்தாரு?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாததால் அவருக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. ஜூரித் தலைவர் வழியாக நீதிபதியிடம் கேட்க எனக்கு வழி இருந்தது. தமிழ் சொல்லிக்கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த நான், அவ்வளவு பெரிய அறையில் கையைத் தூக்கக் கூச்சப்பட்டு, நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அந்த அம்மா சாட்சிக் கூண்டில் இல்லை.

முடிவு ஐந்துக்கு இரண்டு: கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். அரிவாள் ஓங்கியிருந்ததா, கையோடு தொங்கியிருந்ததா என்பதை நான் முடிவு செய்யவே இல்லை. ஓங்கித்தான் வந்தார் என்று ஒப்புக்கொண்டால் ஒரு மனிதரைத் தூக்குமேடைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை. சும்மா கொண்டுவந்தார் என்று ஒப்புக்கொண்டால் செத்தவருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கால் வைக்க ஓர் இடம் இருந்தது, வைத்துவிட்டேன். அதைப் பேரம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குள் நானே நடத்திய பேரம்.

இரண்டு மாதம் கழித்து, மேடான் கிட் பேருந்து நிலையத்தில் இறந்தவரின் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கையில் பள்ளிச் சப்பாத்துப் பெட்டி, மறு கையில் பிள்ளை. சண்டைக்கு வரவில்லை, கோபம்கூட இல்லை. "வாத்தியாரய்யா, நீங்க ஏழு பேரும் என்னாத்த நெனச்சு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது நம் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வரும் பஸ்கூட இல்லை.

அன்று நான் வாய் திறந்திருந்தாலும் அவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் எழுத்தில் இருக்கவில்லை. ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தீர்ப்பு ஒரு சொல்லும் ஓர் எண்ணிக்கையும் மட்டுமே. மேல்முறையீடு போயிருந்தாலும் அங்கே உட்காரும் நீதிபதிகளுக்கு அந்த அரிவாள் எப்படி வந்தது, எங்களில் யார் எதை நம்பினோம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஜூரிக்கு நீதிபதி சொன்ன சட்ட விளக்கத்தில் பிழை இருந்ததா என்று பார்ப்பார்கள். எனக்குள் நடந்த பேரத்தை எந்த நீதிமன்றமும் தோண்டி எடுக்க முடியாது.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். என்னிடம் படித்த பையன் ஒருவன், லாரி உதவியாளன், போதைப்பொருள் கடத்தல் குற்றச்சாட்டில் 2011இல் கைதானான். நீதிபதி ஒருவரே விசாரித்தார். குற்றவாளி என்று முடிவு செய்து, அன்றைய சட்டப்படி மரண தண்டனை விதித்தார். நீங்கள் சொல்கிற 'ஒற்றை நீதிபதியின் கையில் ஓர் உயிர்' என்ற நிலை அதுதான். ஆனால் அந்த நீதிபதி 41 பக்கம் எழுதியிருந்தார். அவனுடைய அம்மா அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து, மலாயில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பாதி வழியில் என்னை நிறுத்தி, "அவன் சொன்னது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். தேடினேன். பையை லாரியில் வைத்தவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கைதான அன்றே காவல்துறையிடம் அவன் சொல்லியிருந்தான். அந்த விளக்கம் ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கு 41 பக்கத்தில் ஒரு பத்தியும் இல்லை. அந்த அம்மா கண்டுபிடித்த ஓட்டையை அவனுடைய வழக்கறிஞரும் கண்டுபிடித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதையே சுட்டிக்காட்டி அவனை விடுவித்தார்கள். ஆறு ஆண்டு உள்ளே இருந்தான்; அந்த ஆறு ஆண்டை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தவறு எழுத்தில் இருந்ததால் தவறு என்று காட்ட முடிந்தது.

இது ஒரு பையனோடு நிற்கிற விஷயமும் அல்ல. ஒரு பொருள் ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்தால் அது அவருடைய உடைமை என்று ஊகிப்பது, அந்த ஊகத்தின்மேல் அவர் அதைக் கடத்தினார் என்று இன்னோர் ஊகத்தை ஏற்றுவது என இரட்டை ஊகத்தைப் போதைப்பொருள் சட்டம் அனுமதித்திருந்தது. 2019 ஏப்ரலில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அல்மா நுடோ என்ற பிலிப்பீன்ஸ் பெண்மணியின் வழக்கில், அது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அந்தப் பிரிவையே செல்லாததாக்கினார்கள். 'குற்றவாளி' என்ற ஒரு சொல்லிலிருந்து அப்படி ஒரு வாதத்தைக் கட்டி எழுப்ப முடியாது. கீழ் நீதிமன்றம் எந்த ஊகத்தை எங்கே பயன்படுத்தியது என்று எழுதியிருந்ததால்தான் அதைப் பிடித்து மேலே போக முடிந்தது.

உங்கள் மகஜரில் வலுவான பக்கம் என்று நான் நினைப்பது லீ மெங் வழக்கைப் பற்றிய பக்கம். நம் சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த அவசரகாலத்தில் 1952இல் ஈப்போவில் விசாரிக்கப்பட்ட இளம்பெண் அவர். அப்போது பேராக்கில் ஜூரி இல்லை. நீதிபதிக்கு உதவியாக அசெசர் எனப்பட்ட இரண்டு பொதுமக்கள் அமர்வார்கள். முதல் விசாரணையில் ஆசியர்களான இரண்டு அசெசர்களும் குற்றவாளி அல்ல என்றார்கள். நீதிபதி ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது விசாரணையில் ஓர் ஐரோப்பியரும் ஓர் ஆசியரும் அமர்ந்தார்கள். ஐரோப்பியர் குற்றவாளி என்றார், ஆசியர் இல்லை என்றார், நீதிபதி ஐரோப்பியர் பக்கம் சேர்ந்து மரண தண்டனை விதித்தார். பேராக் சுல்தான் பிறகு அதைச் சிறைத் தண்டனையாகக் குறைத்தார். பொதுமக்கள் குரலை நீதிபதி மிதித்தார், ஆகவே பொதுமக்களிடமே தீர்ப்பைக் கொடுங்கள் என்பது உங்கள் வாதம். எனக்கு அதே வழக்கு வேறொன்றையும் சொல்கிறது. நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று மாற்றியதும் முடிவும் மாறியது. சாட்சியைவிட, கேட்டவரின் தோல் நிறம் கனமாக இருந்தது.

நாற்காலியில் நம்மவர் இருப்பார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. ஏழு பேர் கொண்ட ஜூரியைக் குலுக்கிப் போட்டு எடுத்தால், சராசரியாக அரை ஆள்கூட நமக்குக் கிடைக்காது; பத்து வழக்கில் ஆறு வழக்கில் ஓர் இந்தியர்கூட அதில் இருக்க மாட்டார். அந்த ஒருவர் இருந்தால் மட்டும் என்ன என்பதற்கு நானே சாட்சி.

இலங்கையைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996இல் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அநுராதபுரத்தில் ஜூரி முன் வந்து, 2016 ஜூலையில் முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள். அதே ஆண்டு டிசம்பரில், கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் வழக்கிலும் சிங்களம் பேசும் ஜூரி எல்லாரையும் விடுவித்தது. ஏன் என்று அந்தக் குடும்பங்கள் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. எண்ணிக்கையில் சிறுத்த ஒரு சமூகம் ஜூரியைக் கேடயம் என்று கேட்டு வாங்குவது எனக்கு விளங்கவில்லை. பெரும்பான்மையினர் நம்மை வெறுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னோடு அமர்ந்த ஆறு பேரும் நல்ல மனிதர்கள்தான். கள்ளுக்கடைச் சண்டை என்றதும் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. என் மனத்திலும் இருந்தது.

செய்தித்தாள் படிக்காத ஜூரி அந்தக் காலத்திலும் இருக்கவில்லை. 1959இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் ஒரு வார இதழ் அவரைக் கதாநாயகனாக்கி எழுதிக்கொண்டிருந்தபோது, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. உயர்நீதிமன்றம் அதை மாற்ற வேண்டியிருந்தது. இன்று தெமர்லோவில் ஒருவர் கைதானால் மாலைக்குள் ஜொகூர் வரை டிக்டாக்கில் அவருக்குத் தீர்ப்பு வந்துவிடுகிறது.

இவ்வளவையும் விட எனக்கு வருத்தம் தருவது வேறு. ஜூரி இருந்த நாளிலும் நம் பிள்ளைகளின் வழக்குகளில் பெரும்பாலானவற்றை அது தொட்டதே இல்லை. மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்குத்தான் அது இருந்தது. திருட்டு, அடிதடி, குண்டர் கும்பல், சிறிய அளவு போதைப்பொருள் என்று நம் லயத்துப் பையன்கள் சிக்குவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலும். அங்கே என்றும் நீதிபதிதான். சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில் பிடித்தால் 28 நாள் வரை உள்ளே வைக்கலாம். அதற்கும் ஜூரிக்கும் சம்பந்தமில்லை. லாக்கப்பில் இருக்கிற பையனுக்கு வழக்கறிஞரைத் தொடர்புகொள்ள உரிமை உண்டு என்று அவன் அம்மாவுக்குத் தெரியாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும்போது அவனுக்காகப் பேச தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேட்கலாம் என்பதும் தெரியாது. தீர்மானம் போட்ட உங்கள் கூட்டத்துக்கு வந்திருந்த எழுபது எண்பது பேரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

நீதிபதி தனியாகத் தீர்ப்பளிக்கும் முறை பழுதற்றது என்று நான் வாதாடவில்லை. காரணங்களை எழுதிக் கொடுக்க மாதக்கணக்கில் காக்க வைக்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று ஒரு வழக்கு மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டதை நானே பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான்காம் முறை வந்தவர் தோட்டத்து மேற்பார்வையாளரைக் குறிக்கும் 'மண்டோர்' என்ற சொல்லுக்கே திணறினார். சாட்சியம் புரியாத மொழியில் இருந்தால் அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எவ்வளவு நன்றாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலைக் குற்றவாளிக்குத் தூக்கா, 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியுமா என்று நீதிபதி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சாட்சிக் கூண்டில் தமிழில் சொன்ன ஒரு வினைச்சொல் மலாயில் எப்படிப் போகிறது என்பதற்கு இன்று முன்னைவிடக் கனம் கூடியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. முதலில், என் பெயரையும் அந்த வரியையும் மகஜரிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததை உறுப்பினர்களுக்குத் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் போனது வாட்ஸ்அப்பிலேயே திருத்தப்பட வேண்டும். அடுத்து, மகஜரை அனுப்பும் முன் செயலவையைக் கூட்டி, என்னையும், இந்தப் பகுதியில் குற்ற வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர்கள் இருவரையாவது அழைத்துப் பேசக் கேளுங்கள். அதன் பிறகும் ஜூரிதான் வேண்டும் என்று பெரும்பான்மையினர் முடிவெடுத்தால் நான் தடுக்க முடியாது. அப்போது என் மறுப்பையும் இணைப்பாகச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மகஜர் எழுதத்தான் வேண்டும் என்றால் வேறு சிலவற்றை எழுதுங்கள். குற்ற வழக்குகளில் தமிழில் தரப்படும் சாட்சியம் முழுவதும் சாட்சியின் குரலிலேயே பதிவாக வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் இரண்டாவது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டுச் சொல்லும்படி கோர, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரிமை வேண்டும் என்று கேளுங்கள். பேராக்கில் நிரந்தரத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலியாக இருப்பவை எத்தனை என்று நாடாளுமன்றத்தில் கேட்கும்படி நம் உறுப்பினரிடம் சொல்லுங்கள். தண்டனை விதித்த நீதிபதி எழுத்தில் காரணம் தருவதற்குக் காலவரம்பு வேண்டும் என்றும், அந்தக் காரணங்களின் சுருக்கத்தைக் குற்றவாளியின் குடும்பத்துக்கும் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும் அவர்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மேடான் கிட்டில் என்னிடம் கேட்ட அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு தாள் கிடைத்திருக்க வேண்டும்.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. கைதானால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதை ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையாக அச்சிட்டு, பழைய லயங்களிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் வீடு வீடாகக் கொடுங்கள். நம் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். நீதிமன்ற மொழிபெயர்ப்புக்குப் பயிற்சி பெற முன்வருகிறவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து உயர்நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலில் என் பெயரை என்னைக் கேட்காமலே எழுதிக்கொள்ளலாம்.

இந்த மாத இறுதிக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில், காரணத்தோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்